மனதில் பட்டதை ஒளிக்காமல்

பெரியபாறை எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்கும் கொட்டகையை ஒட்டித்தான் பால்வாடி இருந்தது. மதியம் குழந்தைகள் சாப்பிட்டுத் தூங்கியதும், ஆயாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பால்வாடி டீச்சர் இன்பமேரி கையில் ஒரு மாத நாவலோடு கொட்டகைக்கு வருவாள். பெண்கள் முறத்தில் கறுப்புக் கொட்டையையும் உடைசலையும் பொறுக்கித் தள்ளிக்கொண்டே கதை கேட்பார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர். பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் அதில் இரண்டு பேர்தான். கதை கேட்டால் கை வேகமாக ஓடுகிறது என்று மேஸ்திரியும் கண்டுகொள்வதில்லை.

1984ஆம் வருடம் அது. இன்பமேரிக்கு இருபத்தேழு வயது. எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் ரைட்டர் பாக்கியநாதனின் ஒரே மகள். தாய் இல்லை. பெண் பார்க்க வந்த இரண்டு பேரும் ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடிதம் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் படிக்கும் காதல் நாவல்கள் கூடிக்கொண்டே போயின. பிடித்துப் படித்தாளா, பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாளா என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது.

கொட்டகைப் பெண்களுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. கடைசிப் பக்கம் முடிந்த நிமிஷமே மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவார்கள்.

ஒரு தடவை ராஜா காலத்துக் காதல் கதை. இளவரசி மாறுவேடத்தில் அரண்மனையை விட்டுத் தப்பி, மூன்று நாள் காட்டில் அலைந்து காதலனைக் கண்டுபிடிக்கிறாள். கொட்டகையில் மூத்தவளான அருக்காணிக்கு அது பிடிக்கவில்லை.

"மூணு நாளு காட்டுல கெடந்தாளே, அந்தப் புள்ளைக்கு ஒருக்காகூடப் பசிக்கலீங்களா? வேர்வகூட முத்து முத்தா இருக்குதாமா. நாம ஒரு நாளு சுள்ளி பொறுக்கப் போயிட்டு வந்தா ஊட்டு நாய்க்கே அடையாளம் தெரிய மாட்டேங்குது."

இன்னொரு தடவை டாக்டர் கதை. நாயகிக்கு ரத்தத்தில் புற்றுநோய். டாக்டர் அவளைக் காதலித்து, இரவும் பகலும் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அருக்காணிக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளையம்மாள் கேவிக் கேவி அழுதாள். அழுது முடித்து, முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "நொம்ப நல்ல மனுசன்தானுங்க டீச்சர். ஆனா இவ கையவே புடிச்சுட்டு உக்காந்திருந்தா, வெளிய வரிசைல நிக்கிறவங்கள ஆருங்க பாப்பாங்க?"

குடும்ப நாவல் ஒன்றில், இருபது அத்தியாயம் மனைவியை அடித்த கணவன் இருபத்தோராவது அத்தியாயத்தில் அவள் காலில் விழுந்தான். பிறகு அருக்காணி, "இத எழுதுனது ஆம்பளைங்களா?" என்றாள்.

"பொம்பளப் பேருதான் போட்டிருக்குதுங்க."

"பேரு என்ன வேணா போட்டுக்கலாம்."

பேய்க்காதல் கதை வந்தபோதுதான் கொட்டகை முழுக்கச் சிரித்தது. பாழடைந்த பங்களாவில் செத்துப்போனவள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஏழு ஜென்மமும் காதலனைத் தேடி வருகிறாள். "செத்தும் அவனையேவா தேடி வாரா?" என்று வெள்ளையம்மாள் உண்மையான பயத்தோடு கேட்டாள். "எனக்குச் செத்தாவது அந்தாளுகிட்ட இருந்து லீவு வேணுமுங்க."

ஒருத்தி மட்டும் எந்தக் கதைக்கும் எதுவும் சொன்னதில்லை. ராசாத்தி. இருபத்தொரு வயது. முன்பு எஸ்டேட் முதலாளியின் பங்களாவில் வீட்டு வேலை செய்தவள். கொட்டகைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஓரத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பாள், அழுதால் முறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிப்ரவரி மாத நாவலின் உள்ளட்டையில் ஒரு போட்டி அறிவித்திருந்தார்கள். காதல் நாவல்களைப் பற்றி உங்கள் மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதுங்கள். சிறந்த கடிதத்துக்கு முதல் பரிசு, ஒரு வருடத்து நாவல்கள் தபாலில் வீடு தேடி வரும். முழு முகவரி அவசியம்.

இன்பமேரி அதைக் கொட்டகையில் படித்துக் காட்டினாள். "நாம பேசறதை எல்லாம் எழுதி அனுப்பட்டுங்களா?"

"எழுதுங்க" என்றாள் அருக்காணி. "பசியப் பத்தி எழுத மறந்துறாதீங்க."

அந்த இதழில் இருந்ததோ எஸ்டேட் காதல் கதை. மழையில் நனைந்தபடி காப்பிப் பழம் பறிக்கிறாள் ஒரு பெண். ஜீப்பில் வரும் முதலாளி மகன் இறங்கித் தன் குடையை அவளிடம் கொடுக்கிறான். அப்பா எதிர்க்கிறார். மகன் சொத்தே வேண்டாம் என்கிறான். கடைசியில் அப்பாவே தாலி எடுத்துக் கொடுக்கிறார். படித்து முடிக்க நான்கு நாள் ஆயிற்று. முடித்ததும் பெண்கள் வழக்கம்போல ஆரம்பிக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ராசாத்திதான் பேசினாள். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"குடை குடுப்பாங்க. அது வரைக்கும் நெசந்தான்."

அருக்காணி உடனே எழுந்து, நேரமாகிவிட்டது, குழந்தைகள் எழுந்திருக்கும் என்று சொல்லி இன்பமேரியைக் கிளப்பினாள்.

அன்று சாயங்காலம் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போகும் பாதையில் இன்பமேரி ராசாத்தியோடு சேர்ந்து நடந்தாள். கேட்க வேண்டும் என்றுதான் சேர்ந்து நடந்தாள். கேட்டும்விட்டாள். ராசாத்தி யாருக்கோ நடந்ததைப்போலச் சொன்னாள்.

"சின்ன தொரை மெட்ராஸ்ல இருந்து லீவுக்கு வருவாருங்க. கட்டிக்கறேன்னு சொன்னாரான்னு கேக்காதீங்க, அப்படியெல்லாம் அவரு சொல்லல. நல்லாப் பேசுனாரு. எங்கிட்ட அதுக்கு முந்தி ஆரும் அப்படி உக்காந்து பேசுனதில்லீங்க. மூணு மாசமானப்ப பங்களாம்மா கண்டுபுடிச்சுட்டாங்க. ஐப்பசி மழைல ஜீப்புல சேலத்துக்குக் கூட்டிட்டுப் போயி ஆஸ்பத்திரில நாலு நாளு வெச்சிருந்தாங்க. இங்க எனக்கு அம்மை போட்டிருக்குதுன்னு சொல்லீட்டாங்க."

"ஆரு கூட்டிட்டுப் போனது?"

ராசாத்தி நின்றாள். "உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றாள். நிஜமாகவே வியந்து கேட்டதுபோல இருந்தது. "உங்கப்பாதானுங்க. ஆஸ்பத்திரில கையெழுத்துப் போட்டதும் அவருதான். என்ற சித்தப்பான்னு எழுதிக் குடுத்தாரு."

இன்பமேரியும் பாதையில் நின்றுவிட்டாள்.

"ஆருகிட்டயும் சொல்லீராதீங்க டீச்சர். கொட்டச்சேட்டு ஊர்ல இருக்கற செங்கோடனுக்கு என்னையக் குடுக்கறதாப் பேசியிருக்குது. வைகாசில சேர்வராயன் கோயில் நோம்பி முடிஞ்சதும் கல்யாணம்."

சொல்ல மாட்டேன் என்று இன்பமேரி அவள் கையைப் பிடித்துச் சொன்னாள்.

வீட்டில் அப்பா வழக்கம்போல ஜெபம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ரசம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். அந்த ஐப்பசியில் அவர் நான்கு நாள் சேலத்தில் ஆடிட்டர் வேலை என்று போய்விட்டு, வரும்போது தனக்கு ஒரு சேலை வாங்கி வந்தது இன்பமேரிக்கு ஞாபகம் வந்தது. பச்சைக் கரை போட்ட சேலை. அதைக் கட்டிக்கொண்டு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போயிருக்கிறாள். அவரிடம் நேரே கேட்டிருக்கலாம். இருபத்தேழு வருடத்தில் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பழக்கமில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பால்வாடியைத் திறந்து உட்கார்ந்து கடிதத்தை எழுதினாள். பசிக்காத இளவரசி, வரிசையில் காத்திருக்கும் நோயாளிகள், காலில் விழும் கணவன், லீவு கேட்கும் வெள்ளையம்மாள் என்று ஐந்து பக்கம் கலகலப்பாகப் போயிற்று. ஆறாவது பக்கத்தில் பேனா வேறு மாதிரி ஓடியது. இந்த நாவலில் முதலாளியின் மகன் கல்யாணம் செய்துகொள்கிறான், எங்கள் எஸ்டேட்டில் நடந்தது வேறு என்று எழுதினாள். ஜீப்பை எழுதினாள். மழையை எழுதினாள். மூன்று மாதத்தை எழுதினாள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் ஒரு ரைட்டர், பெற்ற மகள் வீட்டில் இருக்க, இன்னொரு பெண்ணுக்குச் சித்தப்பா என்று பொய்க் கையெழுத்துப் போட்டதை எழுதினாள். குடை வரைக்கும் நிஜம் என்று அந்தப் பெண் சொன்னதையும் அப்படியே எழுதினாள். பெயர் எழுதவில்லை. பெயர் எழுதாமல் இருந்தால் போதும் என்று நினைத்தாள். தன் ஆத்திரமெல்லாம் ராசாத்திக்காகத்தான் என்றும் அன்று நம்பினாள்.

ஏப்ரல் இதழில் முதல் பரிசு அவளுக்குத்தான். கடிதம் ஒரு வரி குறையாமல் வந்திருந்தது. கீழே கொட்டை எழுத்தில் 'பா. இன்பமேரி, பால்வாடி ஆசிரியை, பெரியபாறை எஸ்டேட், ஏற்காடு.'

ஏற்காடு பஸ் நிலையக் கடைக்கு வந்த இருபது பிரதியும் காலையிலேயே தீர்ந்துபோயின. மதியம் அவள் கொட்டகைக்குப் போனபோது அருக்காணி மடியில் ஒரு பிரதி இருந்தது. வேறு யாரையோ வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. ராசாத்தி வேலைக்கு வரவில்லை.

"உக்காருங்க டீச்சரம்மா" என்றாள் அருக்காணி. குரல் உயரவில்லை. "எல்லாக் கதைக்கும் எங்ககிட்ட எப்படியிருக்குதுன்னு கேப்பீங்கல்ல. இதுக்கும் சொல்லீர்றோம். நல்லா எழுதியிருக்கீங்க. இதுவரைக்கும் நீங்க படிச்சுக் காட்டுன ஒரு புஸ்தகத்துலயும் இந்த மாதிரி நெசம் இல்லீங்க."

அருக்காணி பிரதியை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"அவளக் கேட்டீங்களா?"

"பேரு போடலீங்களே."

"எங்களுக்கெல்லாம் அன்னிக்கே தெரியும். அம்மை போட்ட ஒடம்பா, இல்லையான்னு பொம்பளைக்குத் தெரியாதுங்களா? பதினோரு பேரும் தெரிஞ்சுட்டேதான் பேசாம இருந்தோம். இவ்வளவு நாளா. நீங்க ஒரு மாசம் இருக்க முடியல."

வெள்ளையம்மாள் முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். அழவில்லை. இன்பமேரி கொண்டுவந்த நாவலை யாரும் படிக்கச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

அப்பா ஆபீஸிலிருந்து இருட்டுவதற்கு முன்பே வந்துவிட்டார். தொப்பியை ஆணியில் மாட்டினார். எஸ்டேட் முதலாளி பெரிய தொரை கூப்பிட்டனுப்பியிருக்கிறார். அதெல்லாம் கற்பனை என்று உங்கள் மகள் மறுப்பு எழுதிக் கொடுத்தால் போதும், இல்லாவிட்டால் வேறு ரைட்டரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

"நான் எழுதமாட்டேன். நடந்ததுதானே?" என்றாள் இன்பமேரி. அவரிடம் அவள் பேசிய முதல் எதிர்ச்சொல் அது.

"நடந்ததுதான்." அவர் நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். "வளைவு ரோட்டுல அந்தப் புள்ள மூணு தடவ வாந்தி எடுத்துச்சு. என் துண்டக் குடுத்தேன். அடிவாரத்துல ஜீப்ப நிறுத்தி ஒரு சோடா வாங்கிக் குடுத்தேன். வேற ஆருன்னாலும் நடுவழியில எறக்கி உட்டுட்டு வந்திருப்பான். அதையும் எழுதியிருக்கலாமே, கண்ணு. எல்லாத்தையும் ஒளிக்காமத்தானே எழுதச் சொன்னாங்க."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பாவுக்காக மறுப்பு எழுதுவதில்லை என்று அப்போதே முடிவுசெய்தாள்.

இரண்டு நாள் கழித்து பால்வாடி வாசலில் செங்கோடன் வந்து நின்றான். ஒல்லியாக, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தான். கொட்டச்சேட்டில் கொஞ்சம் சாமைக்காடும் ஆரஞ்சு மரமும் வைத்திருப்பவன். சேலத்தில் படிக்கும் அவன் அக்கா மகன் புத்தகத்தை வீட்டுக்கே எடுத்துவந்து படித்துக் காட்டியிருக்கிறான்.

"ஏனுங்க டீச்சர், அதுல வர்ற புள்ள ஆருங்க?"

"ஆருமில்லீங்க. பரிசு வாங்கறதுக்காக நானாக் கட்டி எழுதினது."

"உங்கப்பாரப் பத்தியுமா கட்டி எழுதுனீங்க?"

"ஆமா."

அவன் அவளை நன்றாகப் பார்த்தான். அவள் பொய் சொல்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பொய் அவனுக்கு வேண்டியும் இருந்தது.

"அப்படீன்னா அதையே புஸ்தகத்துல போடச் சொல்லுங்க. என்ற அம்மா வாய அடைக்கோணும். எனக்கு அந்தப் புள்ளையப் புடிச்சிருக்குதுங்க."

அன்று மாலையே ராசாத்தியும் வந்தாள். அவள் வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"பொய்யின்னு எழுதீருங்க."

"ராசாத்தி, நான் உனக்காகத்தான்..."

"சேரீங்க. இப்பப் பொய்யின்னு எழுதீருங்க."

எழுதினாள். என் கடிதத்தில் எஸ்டேட் பெண்ணைப் பற்றிய பகுதி முற்றிலும் கற்பனை என்று நான்கே வரி. அதோடு ஆசிரியருக்குத் தனியாக ஒரு தாளில், இதை எப்படியாவது மே இதழிலேயே போட்டுவிடுங்கள், ஒரு பெண்ணின் கல்யாணம் இதனால் நின்றுபோகும் நிலையில் இருக்கிறது என்று கெஞ்சி எழுதினாள். ஒன்றுக்கு இரண்டாகத் தபால்தலை ஒட்டித் தானே ஏற்காடு தபாலாபீஸுக்கு நடந்துபோய்ப் போட்டாள்.

மே இதழ் வந்தது. ஒரு பெட்டி கட்டி அதற்குள் அச்சிட்டிருந்தார்கள். 'ஏப்ரல் மாதப் பரிசுக் கடிதத்தில் எஸ்டேட் பெண்ணைப் பற்றிய பகுதி முற்றிலும் கற்பனை என்று இன்பமேரி தெரிவிக்கிறார். சம்பந்தப்பட்ட பெண்ணின் கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்ற அவருடைய நல்லெண்ணத்தை மதித்து இதை வெளியிடுகிறோம். அந்தச் சகோதரிக்கு நம் வாழ்த்துகள்.'

பஸ் நிலையத்தில் நின்றபடியே அதை மூன்று தடவை படித்தாள். நான்காவது தடவை எழுத்து கண்ணில் நிற்கவில்லை.

செங்கோடனின் அம்மாவுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த மலையில் அந்த வைகாசியில் எஸ்டேட்டிலிருந்து பேசி முடித்திருந்த கல்யாணம் ஒன்றே ஒன்றுதான். சேர்வராயன் கோயில் நோம்பித் திருவிழாவன்று சாமி இருக்கும் குகை வாசலில் வைத்து, ஊரார் எல்லாரும் இருக்கும்போதே, நிச்சயத்துக்குத் தட்டு மாற்றியதை அவன் வீட்டார் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். செங்கோடன் கூட்டத்தில்தான் நின்றிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை என்று அருக்காணி பிறகு யாரிடமோ சொன்னாள். அடுத்த வாரம் ராசாத்தியும் அவள் அம்மாவும் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு, திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். போவதற்கு முன் கொட்டகையில் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டாள். பால்வாடி பக்கம் வரவில்லை.

பாக்கியநாதன் ரைட்டராகவே இருந்தார். மறுப்பு வந்துவிட்டதால் பெரிய தொரைக்கு மனம் ஆறிவிட்டது. சின்ன தொரைக்கு இந்த விஷயமே தெரிந்திருக்குமா என்று சந்தேகம்தான்.

பரிசு நாவல்கள் மாதாமாதம் தபாலில் வந்துகொண்டிருந்தன. ஆகஸ்டு மாதக் கட்டோடு ஆசிரியரின் கடிதம் ஒன்றும் இருந்தது. உங்கள் நடை வாசகர்களைக் கவர்ந்துவிட்டது, அந்த எஸ்டேட் பெண்ணின் கதையை முழு நாவலாக எழுதித் தாருங்கள், முடிவை மட்டும் சுபமாக வைத்துக்கொள்ளுங்கள், வாசகர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள் என்று எழுதியிருந்தார். இன்பமேரி கடிதத்தைக் கிழிக்கவில்லை. வெட்கக்கேடுதான், ஆனாலும் ஒரு நோட்டு வாங்கி உட்கார்ந்தாள். பன்னிரண்டு பக்கம் போயிற்று. பதின்மூன்றாவது பக்கத்தில் அந்தப் பெண் தன் வீட்டில் சாப்பிட உட்காருகிறாள். ராசாத்திக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று இன்பமேரிக்குத் தெரியவில்லை. அவளுடைய அப்பா எப்படிச் செத்தார், செங்கோடனை முதலில் எங்கே பார்த்தாள், சின்ன தொரை உட்கார்ந்து பேசினார் என்றாளே, அவர் என்னதான் பேசினார், எதுவும் தெரியவில்லை. ஒன்றரை வருடம் அவள் எதிரில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான பக்கம் படித்திருக்கிறாள். அவளிடம் கேட்டது அந்த ஒரு சாயங்காலம்தான். கேட்டதும் அந்த ஒரு விஷயத்தை மட்டும்தான். நோட்டை மூடிவைத்தாள். பின்னால் அதைக் குழந்தைகளுக்குப் படம் வரையக் கொடுத்துவிட்டாள்.

ஆறு வருடம் கழித்து, 1990இல், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் தேதி வாங்குவதற்காகச் சேலம் வந்தவள் பஸ் நிலையத்தில் ராசாத்தியைப் பார்த்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கையில் கடிகாரம். பெஞ்சில் தனியாக உட்கார்ந்து ஒரு மாத நாவல் படித்துக்கொண்டிருந்தாள். உதடு அசைய, மெதுவாக, ஆனால் தானாகவே படித்துக்கொண்டிருந்தாள். இன்பமேரி எதிரில் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்து, விரலை வைத்துப் புத்தகத்தை மூடினாள்.

"நல்லாயிருக்கீங்களா டீச்சர்."

"படிக்கக் கத்துக்கிட்டியா?"

"கம்பெனி ஹாஸ்டல்ல ராத்திரிப் பள்ளிக்கூடம் வெச்சாங்க. அம்மா போன வருசம் செத்துப்போச்சு. பொழுது போகோணுமில்லீங்களா." அட்டையைத் திருப்பிக் காட்டினாள். மழை, ஜீப், ஒரு பெண், ஒரு பையன். "கடசிப் பக்கத்தத்தான் மொதல்ல பாப்பேன். கல்யாணத்துல முடிஞ்சாத்தான் வாங்கறது."

"அதெல்லாம் பொய்யின்னு உனக்குத் தெரியும்தானே?" அந்தக் கேள்வி ஏன் தன் வாயில் வந்தது என்று இன்பமேரிக்கே புரியவில்லை.

"தெரியாமயா இருக்கும். பொய்யின்னு தெரிஞ்சுதான் வாங்கறேனுங்க. இதுல ஆரையும் எனக்குத் தெரியாது. அவங்களுக்கும் என்னையத் தெரியாது."

இன்பமேரி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறு வருடமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்த வாக்கியத்தை ஆரம்பித்தாள். "ராசாத்தி, அன்னிக்கு உங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம..."

"அது எதுக்குங்க இப்ப." கோபமாகச் சொல்லவில்லை. கண்டக்டர் திருப்பூர், திருப்பூர் என்று கத்திக்கொண்டிருந்தார். ராசாத்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "அப்பாவக் கேட்டதாச் சொல்லுங்க. அன்னிக்கு வழியில சோடா வாங்கிக் குடுத்தாரு" என்று சொல்லிவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறினாள்.

ஜன்னலோர சீட் கிடைத்தது அவளுக்கு. பஸ் கிளம்பும்போது இன்பமேரி கையைத் தூக்கினாள். ராசாத்தி ஏற்கெனவே புத்தகத்தைப் பிரித்திருந்தாள். இன்பமேரி கையை இறக்கிக்கொண்டு, ஏற்காடு பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கப் போனாள்.